வலையின் நடுவே அந்த வெள்ளைப் பெருக்கல் குறி யாருக்காக?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு மருதாணிப் புதருக்கும் மதில் சுவருக்கும் இடையில் ஒரு சிலந்தி வட்ட வலை கட்டியிருக்கிறது. முதுகில் மஞ்சளும் பழுப்பும் வெள்ளியுமாக வரிகள். வலையின் நடுவில், வெள்ளை நூலை இப்படியும் அப்படியுமாக மடித்துப் போட்ட நான்கு பட்டைகள். தள்ளி நின்று பார்த்தால் பெருக்கல் குறி. "வலை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால்தானே பூச்சி வந்து விழும்? இது ஏன் கோடு போட்டுத் தன்னையே காட்டிக்கொடுக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடம், கலைத்துவிடலாமா என்பது இரண்டாவது கேள்வி.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். கலைக்க வேண்டாம். பெரும்பாலான சிலந்திகளைப் போல இதற்கும் விஷம் உண்டு. ஆனால் அது வெட்டுக்கிளியையும் ஈயையும் மடக்கத்தான். கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய இது மனிதரைக் கடிப்பதில்லை. கடித்தாலும் தேனீ கொட்டியது போலக் கொஞ்சம் வலியும் வீக்கமும் வந்து அடங்கிவிடும். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும், எந்தப் பூச்சிக்கடிக்கும் போலவே, கவனமாக இருக்க வேண்டும். வலையைக் கையால் தொடக்கூடாது, தள்ளி நின்று பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் போதும்.

முதல் கேள்விதான் பெரியது. பூச்சியியலும் சிலந்தியியலும் படித்தவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இதே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள், இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நான் விலங்கியல் படித்தவன். வயல் வரப்பு, மாந்தோப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் என்று பல வருடங்களாகச் சிலந்திக் கணக்கெடுப்புகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வலையில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். ஆனால் கட்டுப்பாட்டோடு செய்த சோதனைகள் எல்லாம் மற்றவர்கள் செய்தவை, பெரும்பாலும் வேறு நாடுகளில், இதே பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழுவின், வேறு இனங்களை வைத்துச் செய்தவை. அவற்றை உங்கள் மருதாணிப் புதருக்கு அப்படியே பொருத்துவதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது, எது என் அபிப்பிராயம் என்று ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

நீங்கள் விவரிப்பது ஆர்கியோப் என்ற பேரினம். தமிழ்நாட்டில் தோட்டங்களில் அடிக்கடி கண்ணில் படுபவை ஆர்கியோப் அனசூஜா, ஆர்கியோப் புல்செல்லா என்ற இரண்டு இனங்கள். இந்தியாவில் ஆங்கிலம் பேசும் இயற்கை ஆர்வலர்கள் இதை சிக்னேச்சர் ஸ்பைடர் என்பார்கள். நீங்கள் பார்த்தது பெண். ஆண் அதில் கால்வாசிகூட இருக்காது. மங்கலான பழுப்பில் வலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேடினால்தான் தெரியும். பெண் எப்போதும் தலைகீழாக உட்காரும். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்த வெள்ளைப் பட்டைகளின் நேர்கோட்டிலேயே நீட்டி வைக்கும். அதனால் கால் எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்பது முதல் பார்வைக்குப் பிடிபடாது.

இதில் சந்தேகமில்லாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அந்தக் குறியைச் சிலந்தி தனக்காகப் போடவில்லை. ஆர்கியோப்புக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மிக மந்தம். வெளிச்சம், நிழல், பக்கத்தில் பெரிதாக ஏதோ அசைகிறது என்ற அளவுக்குத்தான் தெரியும். அதன் உலகம் அதிர்வால் ஆனது. கால்களில் உள்ள நுண்ணிய பிளவு போன்ற உணர்வுறுப்புகள் நூலில் வரும் அதிர்வை வாங்குகின்றன. விழுந்தது ஈயா, காய்ந்த இலையா என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் பிரிக்கிறது. தான் வரைந்ததைத் தானே பார்க்க முடியாத உயிர் இப்படி ஒரு குறியை வரைகிறது என்றால், பார்க்கும் கண் வேறு யாருடையதோ. ஆகவே ‘வலை தெரிகிறதா, தெரியவில்லையா’ என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. பறவைக்குத் தெரிகிறதா, தேனீக்குத் தெரிகிறதா, குளவிக்குத் தெரிகிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அதற்குமுன் அந்தப் பட்டை எதனால் ஆனது என்று பார்ப்போம், ஏனென்றால் அதில் ஒரு துப்பு இருக்கிறது. கைவிடப்பட்ட வலை ஏதாவது கிடைத்தால் அந்த வெள்ளைப் பட்டையை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாது. வட்ட வலையில் பசை இருப்பது சுற்றிச் சுற்றி வரும் சுருள் நூலில் மட்டும்தான். நடுவிலிருந்து வெளியே போகும் ஆர நூல்களில் பசை கிடையாது, இந்தப் பட்டையிலும் கிடையாது. இது ஒரே நூலும் அல்ல. மிக மெல்லிய இழைகள் பல சேர்ந்து ஒரு நாடாவாக வருகின்றன. இதே நாடாவை வேறொரு சமயத்திலும் பார்க்கலாம். ஒரு வெட்டுக்கிளி வலையில் விழுந்து உதைக்கும்போது ஆர்கியோப் ஓடிப்போய் முதலில் கடிக்காது. முதுகைத் திருப்பி, பின்னங்கால்களால் வயிற்று நுனியிலிருந்து அகலமாக வெள்ளை நாடாவை இழுத்து இழுத்து அதன்மேல் வீசும். ஓரிரண்டு விநாடிக்குள் உதைத்துக்கொண்டிருந்த கால்கள் கட்டுண்டுவிடும். அப்புறம்தான் அருகே போய் ஒரு கடி. இரையைச் சுருட்டும் அந்த நூலும், குறி போடும் நூலும் ஒரே வகைச் சுரப்பியிலிருந்து வருபவை. இரையைச் சுருட்டி அந்த நூல் நிறையச் செலவான பிறகு சிலந்திகள் பட்டை போடுவதில் அதிக ஈடுபாடு காட்டுவதாக ஆய்வு இருக்கிறது. காலியான சுரப்பி வேகமாக நூல் சுரக்கப் பட்டை போடுவது உதவுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். குறி எங்கிருந்து பிறந்திருக்கலாம் என்பதற்கு இது நல்ல பதில். ஆனால் அந்த நூலை வலையின் நட்டநடுவில், பளிச்சென்று, இந்த வடிவத்தில் ஏன் போட வேண்டும் என்பதற்கு இது போதாது.

ஆரம்பத்தில் அறிஞர்கள் இந்தப் பட்டை வலைக்கு முட்டுக் கொடுக்கிறது என்று நினைத்தார்கள். அதனால்தான் ‘ஸ்டெபிலிமென்டம்’, அதாவது நிலைநிறுத்துவது, என்ற பெயரே வந்தது. இன்று இந்தக் கருத்தைப் பெரும்பாலானவர்கள் ஏற்பதில்லை. பட்டை வலையின்மேல் தளர்வாகத்தான் படிந்திருக்கிறது. அதே சிலந்தி இன்றைக்குப் பட்டை போட்டு, நாளைக்குப் போடாமல் விட்டாலும் வலை அதே உறுதியோடு நிற்கிறது. அதைவிட முக்கியமான ஒரு விஷயம்: இரவில் வலை கட்டி விடிவதற்குள் அதைச் சுருட்டித் தின்றுவிடும் சிலந்திகள் இப்படிக் குறி போடுவதில்லை. பகல் முழுக்க வலையை விரித்து வைத்து அதன் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் சிலந்திகள்தான் போடுகின்றன. வெறும் பலத்துக்காக என்றால் இரவு வலைக்கும் அது தேவைப்பட்டிருக்கும். எனவே இது வெளிச்சத்தோடும் கண்ணோடும் சம்பந்தப்பட்ட காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது பறவைக்கு வருவோம். வட்ட வலை கட்டுவது பெரிய உழைப்பு. பழைய வலையைத் தின்று, அந்தப் புரதத்தையே மறுபடி நூலாக்கித்தான் சிலந்தி சமாளிக்கிறது. ஒரு சிட்டு தெரியாமல் குறுக்கே பறந்தால் வலை போயிற்று. அன்றைய வேட்டையும் போயிற்று. 1983-இல் தாமஸ் ஐஸ்னர், ஸ்டீபன் நோவிக்கி இருவரும் சயன்ஸ் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில வலைகளில் இந்தப் பட்டைக்கு ஈடான செயற்கைக் குறிகளை வைத்தார்கள், மற்ற வலைகளை அப்படியே விட்டார்கள். குறி இருந்த வலைகள், பறவைகள் சுறுசுறுப்பாகப் பறக்கும் அதிகாலை வேளையைப் பெரும்பாலும் கிழியாமல் முழுசாகக் கடந்தன. குறி இல்லாதவை நிறையக் கிழிந்தன. பறவைகள் குறியைக் கண்டு கடைசி நேரத்தில் ஒதுங்கிப் பறந்ததையும் அவர்கள் பார்த்தார்கள். பெரிய கண்ணாடிக் கதவில் யாரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வெள்ளைப் பட்டை ஒட்டுவார்கள் அல்லவா, அதே வேலைதான். எனக்கு இந்த விளக்கத்தில் பிடித்தது, பறவைக்கும் இதில் லாபம் இருக்கிறது என்பது. இறக்கையில் பிசுபிசுவென்று வலை ஒட்டிக்கொள்வதைப் பறவையும் விரும்பாது. இரண்டு தரப்புக்கும் நன்மை என்றால் அந்தச் செய்தி நிலைத்து நிற்கும்.

1999-இல் டாட் பிளாக்லெட்ஜும் ஜான் வென்சலும் அமெரிக்காவில் ஆர்கியோப் ஆரன்ஷியாவை வைத்து இன்னொரு பக்கத்தை அளந்தார்கள். குறி உள்ள வலையையும் இல்லாத வலையையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டபோது, குறி இருந்த வலையில் இரை கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவாக விழுந்தது. ஆக, உங்கள் சந்தேகம் சரியானது. தெரியும்படி இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைச் சிலந்தி பட்டினியாகக் கொடுக்கிறது. பாதுகாப்புக்காக உணவில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இங்கேயே நின்றால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் நேர் எதிரான முடிவுகளும் இருக்கின்றன, அவையும் கவனமாகச் செய்தவைதான். 1990-இல் கேத்தரின் கிரெய்க், கேரி பெர்னார்டு இருவரும் பனாமாவில் ஆர்கியோப் அர்ஜென்டாட்டாவை ஆராய்ந்து, பட்டை புற ஊதா ஒளியைப் பிரதிபலிக்கிறது, அது பூச்சிகளை ஈர்க்கிறது என்று எழுதினார்கள். நம் கண்ணுக்குப் புற ஊதா தெரியாது, தேனீக்குத் தெரியும். புற ஊதா, நீலம், பச்சை மூன்றும்தான் அதன் அடிப்படை நிறங்கள். பல பூக்கள் தேனீக்கு வழிகாட்டுவதே புற ஊதாக் கோலங்களால்தான். அதனால் இலைகளின் பின்னணியில் பளிச்சிடும் பட்டை, பூச்சிக்குப் பூவைப் போலவோ திறந்த வானத்தின் வெளிச்சத்தைப் போலவோ தோன்றலாம் என்பது அவர்கள் தரப்பு வாதம். தைவானில் செங், ட்சோ என்ற ஆய்வாளர்கள் ஆர்கியோப் ஈமுலாவை வீடியோவில் தொடர்ந்து பதிவு செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் பட்டை போட்ட வலைகளில் இரை அதிகம் வந்தது. பட்டை தேனீயின் கண்ணுக்கும் பறவையின் கண்ணுக்கும் தெரியுமா என்ற அடிப்படைக் கேள்வியை 2005-இல் ஆஸ்திரேலியாவில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்குமே தெரியும் என்று வந்தது. எனவே ‘பூச்சிக்குத் தெரியாது, பறவைக்கு மட்டும் தெரியும்’ என்ற வசதியான விடை நமக்குக் கிடைக்கவில்லை.

இனி மூன்றாவது பார்வையாளர்: சிலந்தியைத் தின்ன வருபவர்கள். வீட்டுச் சுவரில், கதவிடுக்கில் மண்கூடு கட்டும் குளவியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டை உடைத்தால் உள்ளே சிலந்திகள் வரிசையாக அடைத்துக் கிடக்கும். செத்தவை அல்ல, கொட்டி முடக்கப்பட்டவை. குளவியின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. பகலில் வலை நடுவே உட்கார்ந்திருக்கும் சிலந்திக்கு இந்த மாதிரிக் குளவிகள்தான் பெரிய எமன். தைவான் வீடியோக்களில் குளவிகளின் தாக்குதல் பட்டை போட்ட வலைகளில்தான் அதிகம் நடந்தது. ஆஸ்திரேலியாவில் கும்பிடுபூச்சி பட்டை போட்ட வலையை நாடிப் போவதை 2001-இல் பரிசோதனைக்கூடத்தில் காட்டினார்கள். அதே வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆய்வில், சிலந்திகளையே வேட்டையாடித் தின்னும் போர்ஷியா என்ற தாவும் சிலந்தியும் பட்டை உள்ள வலையைத்தான் அதிகம் தேர்ந்தெடுத்தது. போர்ஷியா லேபியாட்டா என்ற அந்த இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. பறவைக்காகவோ தேனீக்காகவோ எழுதியதை எதிரியும் படித்துவிடுகிறான்.

ஆக மூன்று கண், மூன்று விளைவு. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இது அபிப்பிராயம்தான் என்ற எச்சரிக்கையோடு சொல்கிறேன்: பாதுகாப்புதான் அடிப்படைக் காரணம், இரையை ஈர்ப்பது இடத்தைப் பொறுத்துக் கிடைக்கும் உபரி. பட்டினி கிடக்கும் சிலந்தி அதிகம் பட்டை போட வேண்டும், ஈர்ப்பதற்குத்தான் என்றால். ஆனால் வயிறு நிறைந்த சிலந்திகள்தான் அதிகம் போடுகின்றன என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இரை நிறையக் கிடைத்த நாளில் நூலுக்கும் பஞ்சமில்லை, கொஞ்சம் வேட்டை குறைந்தாலும் பரவாயில்லை, பத்திரமாக இருப்போம் என்ற கணக்கோடு இது ஒத்துப்போகிறது. வலை பலமாகச் சேதமடைந்த பிறகு ஆஸ்திரேலிய இனமான ஆர்கியோப் கீசர்லிங்கி பட்டையைக் கூட்டிப் போடுகிறது என்ற கண்டுபிடிப்பும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் பனாமா, தைவான் முடிவுகளை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சுற்றிலும் என்ன பூச்சி, என்ன வெளிச்சம், எந்த எதிரி அதிகம் என்பதைப் பொறுத்து அதே குறியின் பலன் மாறும் என்பதுதான் நியாயமான வாசிப்பு.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இனிமேல் கவனித்தால் ஒன்று உங்களை யோசிக்க வைக்கும். குறி தினமும் ஒரே மாதிரி இருக்காது. இன்றைக்கு நான்கு கை, நாளைக்கு இரண்டு, மறுநாள் ஒன்று, சில நாள் ஒன்றுமே இல்லை. கிரெய்க் பனாமாவில் கொட்டாத தேனீக்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒருமுறை மாட்டித் தப்பிய தேனீ அந்த இடத்தையும் அந்தக் குறியையும் நினைவில் வைத்து அடுத்த முறை ஒதுங்கிப் போகும். குறியை அடிக்கடி மாற்றினால் அந்தப் பாடம் எளிதில் பதியாது. இது அழகான விளக்கம். ஆனால் எல்லா ஆர்கியோப்புகளுக்கும் பொருந்துமா என்பது நிரூபிக்கப்படவில்லை. குட்டிச் சிலந்திகளின் வலையைப் பார்த்தால் பெருக்கல் குறிக்குப் பதிலாக நடுவில் வட்டமாக ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும். குட்டி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வளர்ந்த சிலந்தியும் சீண்டினால் சட்டென்று வலையின் மறுபக்கம் போய்விடும். இல்லாவிட்டால் முழு வலையையும் முன்னும் பின்னும் அத்தனை வேகமாக ஆட்டும், உருவமே கலங்கித் தெரியும். இன்னும் நெருங்கினால் பொத்தென்று கீழே புல்லில் விழுந்து அசையாமல் கிடக்கும். வலையை நோக்கி லேசாக ஊதிப் பாருங்கள், அந்த ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். ஒருமுறை போதும், திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்தால் இடத்தைக் காலி செய்துவிடும்.

அடுத்தது அந்த மஞ்சள். மஞ்சள் வரி ‘எனக்கு விஷம் உண்டு, கிட்டே வராதே’ என்ற எச்சரிக்கை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆர்கியோப் விஷயத்தில் சோதனைகள் வேறு திசையைக் காட்டுகின்றன. ஐரோப்பாவில் வாழும் ஆர்கியோப் புரூன்னிக்கியின் மஞ்சள் வரிகளைக் கறுப்புச் சாயத்தால் மறைத்துப் பார்த்தார்கள். 2008-இல் வந்த அந்த ஆய்வில், மறைத்த சிலந்திகளுக்கு இரை குறைந்தது. தைவானில் நெஃபிலா பைலிப்பிஸ் என்ற பெரிய சிலந்தியிலும் இதையே பார்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வழியை அடைத்துத் தங்க நிறத்தில் வலை கட்டியிருக்குமே, அதுதான். அதில் மஞ்சள் புள்ளிகள் உள்ள சாதாரண வகையும் உண்டு, முழுக்கக் கறுத்த வகையும் உண்டு. மஞ்சள் உள்ளவற்றுக்குத்தான் இரை அதிகம் விழுந்தது. பூந்தாது தேடும் தேனீக்கு மஞ்சள் என்பது சாப்பாட்டு நிறம். கறுப்புப் பகுதிகள் உடம்பின் முழு வடிவத்தை உடைத்துவிடுவதால் தேனீயின் கண்ணுக்குச் சிலந்தி என்று ஒன்றாகச் சேர்ந்து தெரிவதில்லை.

அதே மஞ்சள் இன்னொரு சிலந்தியில் உண்மையிலேயே எச்சரிக்கைதான். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொசிலோதீரியா என்ற பெரிய மரச்சிலந்திகள் மரப்பட்டையோடு ஒட்டிக் கிடந்தால் சாம்பலும் கறுப்புமாகப் பட்டையாகவே தெரியும். சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கும்; அடிப்பக்கத்தில் மறைந்திருந்த மஞ்சள் பட்டை அப்போதுதான் பளிச்சிடும். பொசிலோதீரியா ரெகாலிஸ் என்ற இனத்தை 1899-இல் அறிவியலுக்கு விவரித்தபோது மாதிரி கிடைத்த இடம் நம் அரக்கோணம். ராமேஸ்வரத்தில் 2004-இல் விவரிக்கப்பட்ட பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா இன்று அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதன் மரங்கள் போனால் அதுவும் போய்விடும். இவற்றின் கடி கடும் வலியும் தசைப்பிடிப்பும் தரும். உங்கள் தோட்டச் சிலந்தியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வட்ட வலை கட்டும் எதுவும் இந்த வகை இல்லை.

பூவிலேயே உட்கார்ந்து வேட்டையாடும் நண்டுச் சிலந்திகளை ஒரு வரியில் கடந்துபோக மனம் வரவில்லை. வெள்ளைப் பூவில் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து ‘ஒளிந்திருக்கிறது’ என்கிறோம். அது நம் கண்ணின் தீர்ப்பு. ஆஸ்திரேலியாவின் தோமிசஸ் ஸ்பெக்டாபிலிஸ் புற ஊதாவை நன்றாகப் பிரதிபலிக்கிறது. தேனீயின் கண்ணுக்கு அது பூவின்மேல் எடுப்பாகத் தெரிகிறது. 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், தேனீக்கள் சிலந்தி இல்லாத பூவை விட்டுச் சிலந்தி இருந்த பூவைத் தேர்ந்தெடுத்தன. ஒளிந்திருப்பதாக நாம் நினைத்தது உண்மையில் அழைப்பு.

வலையில் குறி போடும் இன்னொரு பிரிவும் உங்கள் தோட்டத்திலேயே இருக்கலாம். சைக்குளோசா என்ற சின்னஞ்சிறு சிலந்தி, தின்று முடித்த பூச்சிகளின் சக்கையையும் முட்டைப் பைகளையும் வலையின் நடுவில் செங்குத்தாக வரிசை கட்டி, அந்த வரிசையில் தானும் ஒன்றாக உட்கார்ந்துவிடும். தூசி கோத்த நூல் என்றே நினைப்போம். தைவானில் 2009-இல் சைக்குளோசா முல்மெய்னென்சிஸைக் கவனித்தவர்கள், இந்த உருண்டைகள் அளவிலும் நிறத்திலும் சிலந்தியைப் போலவே குளவியின் கண்ணுக்குத் தோன்றுவதைக் கண்டார்கள். உருண்டை வைத்த வலையைத் தேடிக் குளவிகள் அதிகம் வந்தன, ஆனால் வந்தவை பெரும்பாலும் உருண்டையைத் தாக்கிவிட்டுப் போயின. கவனத்தை ஈர்த்துத் தப்பிப்பது என்ற இந்த உபாயம் ஆர்கியோப்பின் குறியைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண் மந்தமான சிலந்திகள் மற்றவர்களின் கண்ணுக்காகச் செய்பவை. தாங்களே நன்றாகப் பார்க்கும் சிலந்திகளும் உண்டு: சுவரில் தத்தித் தத்திப் போய், நாம் குனிந்தால் திரும்பி நம்மையே பார்க்கும் தாவும் சிலந்திகள். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் ஹசாரியஸ் அடான்சோனி, விழித்திரையில் மங்கலாக விழும் பிம்பத்தையும் தெளிவாக விழும் பிம்பத்தையும் ஒப்பிட்டுத் தூரத்தை அளக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் சயன்ஸில் காட்டினார்கள். பச்சை வெளிச்சத்தில் சரியாகத் தாவியது, சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் எட்டாமல் முன்னதாகவே விழுந்தது. இப்படிப் பார்வை உள்ளவர்களிடையே நிறம் பேச்சாகிவிடுகிறது. காஸ்மோஃபாசிஸ் அம்பிராட்டிகா என்ற இனத்தில் ஆணின் முகமும் உடலும் புற ஊதாவில் மின்னுகின்றன. பெண்ணின் வாயருகே உள்ள சிறு உறுப்புகள் அதே ஒளி பட்டால் பச்சையாக ஒளிர்கின்றன. புற ஊதாவைத் தடுத்துவிட்டால் இருவருக்கும் இடையே காதலாட்டம் சரியாக நடப்பதில்லை. இது 2007-இல் சிங்கப்பூர் ஆய்வில் தெரிந்தது. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருக்கும் இடத்தில் பொறுமையாகத் தேடினால், அதே செம்பழுப்பில், முன்னங்கால்களை உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டு போகும் ஒரு தாவும் சிலந்தியும் அகப்படும். பெயர் மிர்மப்ளாட்டா பிளாட்டலியாய்டஸ். எறும்பைக் கண்டு ஒதுங்கும் பறவையும் மற்றச் சிலந்திகளும் இதையும் விட்டுவிடுகின்றன. அடையாளம் காண ஒரு வழி: எறும்பு நேரே ஓடும், இது ஆபத்து என்றால் நூலை விட்டுத் தொங்கும்.

உங்கள் மருதாணிப் புதருக்கு வருவோம். காலையில் வெயில் ஏறுவதற்குமுன் தினமும் ஒரு நிமிடம் பார்த்து, குறிக்கு எத்தனை கை, முந்தின நாள் என்ன இரை விழுந்தது, வலை கிழிந்திருந்ததா என்று மூன்றை மட்டும் குறித்து வையுங்கள். சேதத்துக்கு அடுத்த நாள் குறி கூடுகிறதா என்பதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து மட்டும் அந்தப் பக்கம் அடிக்க வேண்டாம். சில வாரங்களில் வயிறு நன்றாகப் பருத்து, பக்கத்துக் கிளையில் பட்டால் ஆன ஒரு முட்டைப் பையைக் கட்டி வைக்கும். புதரைக் கத்தரிக்கும்போது அதைப் பார்த்துக் கத்தரியுங்கள், உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். எந்த இனம் என்று தெரிய வேண்டுமானால் முதுகுப் பக்கம் ஒன்று, வலையின் மறுபக்கம் போய் வயிற்றுப் பக்கம் ஒன்று, குறியோடு முழு வலை ஒன்று என்று மூன்று படம் எடுத்துப் போடுங்கள். அனசூஜாவையும் புல்செல்லாவையும் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்வது கடினம், உறுதி செய்ய நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் வயிற்றுப் பக்கப் படம் தெளிவாக இருந்தால் எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறது என்றாவது சொல்ல முடியும்.